ரைட் என்றால் மரம்

1927ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 13ஆம் தேதி, சனிக்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். மலாயாவில் ஈப்போ திடல். விடியற்காலையில் பெய்து ஓய்ந்த மழையில் புல்லெல்லாம் ஈரம். வானம் ஒரு மூலை விடாமல் சாம்பல் நிறத்தில் மூடிக் கிடந்தது. பதினோரு மணி வரை சூரியன் தலை காட்டவில்லை. இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன். பின்னால் வேண்டியிருக்கும். அப்போது யாரும் என்னோடு சண்டைக்கு வரக்கூடாது.

திடலில் ஒன்பது ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகளின் பிள்ளைகள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றார்கள். அவர்களில் முப்பத்தொரு பேர் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். எல்லோருக்கும் முன்னால் வாயில் விசிலோடு நின்ற மனிதரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். அவருடைய வாரிசுகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள். நான் நல்ல நிலையில் இல்லை. எங்களுக்கு அவர் டிரில் மாஸ்டர். வாத்தியார்களுக்கு வாத்தியார்.

அந்தக் காலத்துத் தோட்டப் பள்ளிக்கூடம் என்றால் ஓர் அறை, நான்கு வகுப்பு, ஒரு வாத்தியார். பிள்ளைகளுக்கு உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அந்த வருடம் மேலே இருந்து உத்தரவு வந்தது. சொல்லிக்கொடுக்கிற வாத்தியார்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும் அல்லவா? அதற்காகச் சனிக்கிழமைதோறும் ஈப்போவில் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். மொத்தம் இருபத்தாறு சனிக்கிழமை. கடைசியில் ஒரு சர்ட்டிபிகேட். எங்கள் தோட்டத்துத் துரை, ஆபீஸ் கணக்கரான கிராணி மூலம் எனக்குச் சொல்லியனுப்பினார்: வருடக் கடைசிக்குள் அந்தக் காகிதம் வராவிட்டால் அடுத்த வருடம் வேறு வாத்தியார். எனக்கு அப்போது வயது இருபத்தாறு. ஒரு மனைவி, இரண்டு குழந்தைகள், பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒன்றரை அறை வீடு. வேலை போனால் வீடும் போகும்.

மாஸ்டர் காக்கிக் கோட்டு போட்டிருப்பார். சட்டைப் பையில் மூன்று பென்சில். மூன்றையும் சீவி நான் பார்த்ததில்லை. கழுத்தில் சிவப்புக் கயிற்றில் விசில். கால்களில் வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து. அந்தச் சப்பாத்துக்குச் சனிக்கிழமைதோறும் சுண்ணாம்பு பூசிக்கொண்டு வருவார். புல் ஈரமாக இருந்தால் திடலுக்குள் இறங்க மாட்டார்; சுற்றிக்கொண்டு போய்த் தூங்குமூஞ்சி மரத்தடிச் சிமெண்டு மேடையில் ஏறி நிற்பார். இருபத்தாறு சனிக்கிழமையில் அவர் ஒரு தடவையாவது குனிந்து கால் கட்டை விரலைத் தொட்டுப் பார்த்தவன் எவனும் இல்லை. அவருக்கு வியர்த்ததும் இல்லை. எங்களுக்கு வியர்த்தது.

எல்லாவற்றையும்விட அவரிடம் ஒரு குணம் இருந்தது. வாயிலிருந்து வந்த உத்தரவைத் திரும்பப் பெற மாட்டார். "கமாண்டு குடுத்தா குடுத்ததுதான்" என்பார். ஒரு நாளில் குறைந்தது எட்டு முறை சொல்வார். ஒரு சனிக்கிழமை பதினேழு முறை சொன்னார்.

மூன்றாவது வாரம் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் இருபத்து மூன்று பேரையும் வரிசையில் நிறுத்தி "அட்டென்ஷன்!" என்றார். அந்த நேரம் பார்த்து ரோட்டில் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் எதிர்ச்சாரியில், நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரரின் தேத்தண்ணிக் கடைக்குள் போய் உட்கார்ந்தார்கள். தேத்தண்ணி வந்தது. ரொட்டி வந்தது. எங்களுக்குத் தூறல் வந்தது.

என் பக்கத்தில் நின்றவர் தாப்பா பக்கத்துத் தோட்ட வாத்தியார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பருத்த உடம்பு, வாய் சும்மா இருக்காது.

"மச்சான், இவரு நம்பள மறந்துட்டாருலா."

"பேசாதீங்கண்ணே, பாக்குறாரு."

"எங்க பாக்குறாரு? ரொட்டியத்தான் பாக்குறாரு."

மாமனார் கொடுத்த பைக்கடிகாரம் என்னிடம் இருந்தது. நாற்பத்தொரு நிமிடம். பிறகு ஏப்பம் விட்டபடி ரோட்டைக் கடந்து வந்தவர், நனைந்துபோய் விறைப்பாக நின்ற எங்களைப் பார்த்ததும் ஒரு கணம் நடுங்கிப்போனார். அந்த ஒரு கணத்தை நான் பார்த்தேன். அடுத்த கணம் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நாப்பது நிமிஷ அட்டென்ஷன். தாங்குறீங்களான்னு பாத்தேன். பத்தொம்போது பேரு பாஸ். நாலு பேரு ஆடிட்டீங்க."

எந்த நாலு பேர் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அது பாடமாகிவிட்டது. எங்கள் குறிப்புப் புத்தகத்தில் எழுதச் சொன்னார்: பொறுமைப் பயிற்சி, நாற்பது நிமிடம். நாற்பத்தொன்று என்று எழுதினேன், அடித்துத் திருத்தினார். வாராவாரம் நாங்கள் நின்றோம், அவர் தேத்தண்ணி குடித்தார்.

இன்னொரு நாள் எங்களை நடக்கவிட்டார். "லெப்ட், ரைட், லெப்ட், ரைட்." திடலின் கோடியில் பெரிய சாக்கடை. அங்கே போவதற்குள் "ஹால்ட்" வர வேண்டும். அவருக்குத் தும்மல் வந்தது. விடாமல் பதினோரு தும்மல். முன்வரிசை நாலு பேர் சாக்கடைக்குள் இறங்கிவிட்டார்கள். ஐந்தாவது ஆளான நான் கரையில் நின்றுவிட்டேன்.

"நான் நிக்கச் சொன்னேனா வாத்தியாரே?"

"இல்லீங்க மாஸ்டர். முன்னால சாக்கடை."

"சாக்கடைதான். தடை தாண்டும் பயிற்சின்னா வேற என்னா?"

நான் இறங்கினேன். முழங்கால் வரை. ஒருவரும் தள்ளவில்லை, நானேதான் இறங்கினேன். இதையும் சொல்லிவிட வேண்டும். சப்பாத்து விலை ஒரு வெள்ளி எண்பது காசு, வாங்கி ஐந்து வாரம்.

இந்த மனிதர் எங்கே கற்றார் என்று ஒரு நாள் தாப்பா வாத்தியாரிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "ரயில்ல கொடி காட்டிக்கிட்டு இருந்தவருலா. விசில் ஊதுற அழகப் பாத்து எவனோ ஒரு வெள்ளக்காரன் கூட்டியாந்து விட்டுட்டான். எங்கியோ பத்து நாளு பட்டாளத்துக்காரன்கிட்ட படிச்சாராம். நீயே யோசி மச்சான், பச்சக் கொடி காட்டி அனுப்புன ரயில எவனாச்சும் திரும்பக் கூப்புடுவானா? அதான் அந்தப் பழக்கம்."

உண்மையோ பொய்யோ, எனக்கு அது பொருத்தமாகத் தெரிந்தது.

அதே தாப்பா வாத்தியார்தான் ஒரு நாள் வகுப்பில் கை தூக்கினார். கைகளை முன்னால் நீட்டி, மேலே தூக்கி, கீழே இறக்கிப் பிள்ளைகளின் தோளைப் பலப்படுத்தும் பாடம் அன்று.

"மாஸ்டர், எங்க பிள்ளைங்க விடியக்காலம் பெரட்டுல ஆத்தா அப்பனோட நின்னு பேரு குடுத்துட்டு, பால் வாளியத் தூக்கிட்டு ரெண்டு மலை ஏறி எறங்கிட்டுத்தான் பள்ளிக்கூடம் வருதுங்க. அதுங்க கைய இன்னும் என்னாத்துக்கு நீட்டச் சொல்லணும்?"

மாஸ்டர் சிரிக்கக்கூட இல்லை. "வாளி தூக்குறது வேலை. கை நீட்டுறது கல்வி. எழுதிக்கிடுங்க."

இருபத்து மூன்று பேரும் எழுதிக்கொண்டோம்.

என் பேரன் ஒருவன் இப்போது உடற்பயிற்சி ஆசிரியர். குனோங் ராபாட்டில் வீடு, மோட்டார் சைக்கிள். வருடத்தில் இரண்டு தடவை பயிற்சிக்குப் போகிறான். போன மாதம் மூன்று நாள் போய் வந்தான். ஒரு பை, ஒரு பேனா, கழுத்தில் தொங்கவிடும் அட்டை ஒன்று, ஐந்து வேளைச் சாப்பாடு. என்ன படித்தாய் என்று கேட்டேன். "எல்லாம் பழசுதான் தாத்தா, சர்ட்டிபிகேட் வேணும்ல" என்றான். எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட எனக்குத் தகுதி இல்லை. ஏன் என்று இனிமேல்தான் சொல்லப் போகிறேன்.

ஆறாவது சனிக்கிழமை, திரும்பும் பாடம். மாஸ்டர் மேடையில் எங்களைப் பார்த்து நின்றார். "ரைட் டர்ன்!" என்று கத்திவிட்டுத் தாமும் தம்முடைய வலப்பக்கம் திரும்பினார். இதில்தான் எல்லா வினையும். எதிரும் புதிருமாக நிற்கும் இரண்டு பேரில் ஒருவருடைய வலம் மற்றவருக்கு இடம். எங்களில் சொல்லைக் கேட்டுத் திரும்பியவர்கள் ஒன்பது பேர் ரோட்டுப் பக்கம் பார்த்தோம். அவரைப் பார்த்துத் திரும்பியவர்கள் பதினான்கு பேர், அவரைப் போலவே தூங்குமூஞ்சி மரத்தைப் பார்த்தார்கள்.

"டிரில்னா எல்லாரும் ஒரே பக்கம் பாக்கணும். நான் மரத்தப் பாக்குறேன். நீங்க ஒம்போது பேரு ஏன் ரோட்டப் பாக்குறீங்க?"

நான் சொன்னேன்: "மாஸ்டர், எங்களுக்கு ரைட் இதுதான். நீங்க எங்களப் பாத்து நிக்கறதுனால ஒங்க ரைட்டு எங்களுக்கு லெப்ட்டு. ஒங்க முதுக எங்களுக்குக் காட்டி நின்னீங்கன்னா சரியா வரும்."

அவர் தம் வலக்கையைப் பார்த்தார். பிறகு என் வலக்கையைப் பார்த்தார். புரிந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதருக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. விசிலை இரண்டு தடவை உருட்டினார்.

"மாணாக்கனுக்கு முதுகக் காட்டுறது மரியாத இல்ல. ரைட்னா மரம். கமாண்டு குடுத்தா குடுத்ததுதான்."

அதற்குப் பிறகு நாங்கள் இருபத்து மூன்று பேரும் மரத்தைப் பார்த்தோம். வாத்தியார்கள் தங்கள் தோட்டங்களுக்குப் போய்ப் பிள்ளைகள் முன்னால் அதே மாதிரி முகம் பார்த்து நின்று, அதே மாதிரி திரும்பிக் காட்டினார்கள். பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொல் தெரியாது. வாத்தியார் எந்தப் பக்கம் திரும்புகிறாரோ அந்தப் பக்கம் திரும்பும். தோட்டம் தோட்டமாக ரைட் டர்ன் என்றால் இடப்பக்கம் என்று பதிந்துபோயிற்று. ஒரு பள்ளிக்குள் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினால் அது தப்பு என்று எப்படித் தெரியும்?

என் பள்ளியில் மட்டும் நான் முதுகைக் காட்டி நின்றேன். "சோறு தின்னுற கையி எதுடா? தூக்கு. அந்தச் சோத்தாங்கைப் பக்கந்தான் ரைட்டு." முப்பத்தொரு பேருக்கும் இரண்டே நாளில் வந்துவிட்டது. வரிசையின் முதல் ஆளாக அஞ்சலையை நிறுத்தினேன். மூன்றாம் வகுப்பு, வயது பதினொன்று. காலையில் அம்மாவின் பால் வாளியைச் சுமந்துவிட்டு வருகிறவள். ஒரு தடவை சொன்னால் மறக்க மாட்டாள். மற்றவர்கள் அவளைப் பார்த்துத்தான் திரும்புவார்கள்.

என் மனத்தில் ஒரு திட்டம் இருந்தது. மறைக்கவில்லை. பயிற்சி முடிவில் பிள்ளைகளைத் திடலில் கூட்டிப் பள்ளிகளைப் பார்வையிடும் வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால் காட்ட வேண்டும். அன்று என் முப்பத்தொரு பேரும் சரியான பக்கம் பார்த்து நிற்பார்கள். துரை பார்ப்பார். மாஸ்டர் அந்த இடத்திலேயே சுருங்கிப்போவார். இதை நினைத்துக்கொண்டே பத்தொன்பது வாரம் பொறுமைப் பயிற்சி செய்தேன்.

இனி அந்த எட்டு மணி பத்து நிமிடத்துக்கு வருகிறேன்.

பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக நீள வரிசையில் நடந்து வந்து நின்றார்கள். அவர்களுக்கு வலப்பக்கம், மேற்கே, கூடாரத்தில் துரை உட்கார்ந்திருந்தார். இடப்பக்கம், கிழக்கே, திடலுக்கு அப்பால் வெறும் சுண்ணாம்புக் குன்றுகள். ரைட் டர்ன் கொடுத்தால் பிள்ளைகள் துரைக்கு முகம் காட்டி நிற்பார்கள், சலாம் வைப்பார்கள். ஏற்பாடு அதுதான். ஏற்பாடு செய்தவர் மாஸ்டரே. அவருடைய ரைட் மரத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதை மறந்துவிட்டார்.

"ரைட் டர்ன்!"

முந்நூற்று எண்பத்தொரு பேர் ஒரே அடியில் துரைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக் குன்றைப் பார்த்து நின்றார்கள். அவ்வளவு அழகான திருப்பத்தை நான் பார்த்ததில்லை. ஒரு கால் பிசகவில்லை. அஞ்சலையும் அவள் பின்னால் முப்பது பேரும் மட்டும் துரையைப் பார்த்தார்கள்.

துரை நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். எண்ணினேன்: ஒன்று, இரண்டு, மூன்று.

மாஸ்டர் விசில் ஊதவில்லை. மேடையிலிருந்து இறங்கினார். ஈரப் புல்லில் நேராக என்னை நோக்கி நடந்து வந்தார். வெள்ளைச் சப்பாத்து பச்சையாகிக்கொண்டே வந்தது. அக்குளில் ஒரு கட்டுக் காகிதம்: இருபத்து மூன்று சர்ட்டிபிகேட், கையெழுத்து இன்னும் போடாதவை. பெயர் வரிசையில் என்னுடையது பதினேழாவது.

காதருகில் வந்து, மெதுவாக, மரியாதையாகக் கேட்டார்.

"நீங்கதான் எல்லாத்தையும் எண்ணுவீங்களே வாத்தியாரே. அந்தப் பக்கம் பாக்குறது எத்தன பேரு?"

"முந்நூத்தி எம்பத்தொண்ணு."

"இந்தப் பக்கம்?"

"முப்பத்தொண்ணு."

"அப்புறம் என்னா?"

பெட்டி படுக்கையோடு என் மனைவி தோட்டத்து ரோட்டில் நிற்பது போல ஒரு காட்சி தெரிந்தது. பிறகு என் குரல் எனக்கே கேட்டது.

"அபவுட் டர்ன்!"

என் முப்பத்தொரு பேரும் திரும்பினார்கள். அஞ்சலை கடைசியாகத் திரும்பினாள். அரை விநாடி தாமதம். எனக்கு மட்டும்தான் தெரியும். நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளும் துரைக்கு முதுகைக் காட்டிச் சுண்ணாம்புக் குன்றுக்குச் சலாம் வைத்தார்கள்.

மாஸ்டர் கூடாரத்துக்கு ஓடினார். ஆங்கிலத்தில் அவர் சொன்னது இது: "துரை, இது தமிழர் வழக்கம். பிள்ளைகள் முதலில் சூரியனுக்கு வணக்கம் சொல்லும். பிறகுதான் மனிதருக்கு."

துரை வானத்தை அண்ணாந்து பார்த்தார். "சூரியன் எங்கே?"

"மேகத்துக்குப் பின்னால் இருக்கிறது, துரை."

துரை சிரித்துவிட்டார். நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஏதோ எழுதினார். மாஸ்டர் திரும்பி விசில் ஊதினார், "அபவுட் டர்ன்!" என்றார், நானூற்றுப் பன்னிரண்டு பேரும் இந்தப் பக்கம் திரும்பித் துரைக்குச் சலாம் வைத்தார்கள். கைதட்டல். அடுத்த வருடப் பயிற்சித் திட்டம் அச்சாகி வந்தபோது முதல் பாடம் கிழக்கு வணக்கம் என்று இருந்தது. சாக்கடை இரண்டாவது பாடம். பொறுமை மூன்றாவது. பதினான்கு வருடம் நான் அதைச் சொல்லிக்கொடுத்தேன், மழைக்காலத்திலும்.

சர்ட்டிபிகேட் கிடைத்தது. என்னுடையதில் மட்டும் மாஸ்டர் தம் கைப்பட ஒரு வரி சேர்த்திருந்தார்: கட்டளைக்குக் கீழ்ப்படிவதில் சிறந்தவர். அந்தப் பேனா மையின் ஊதா நிறம் இன்னும் மங்கவில்லை.

தோட்டத்து லாரி வர நேரம் இருந்தது. பிள்ளைகளை நானா கடைக்குக் கூட்டிப் போய் ஆளுக்கொரு சிவப்புக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தேன். தாப்பா வாத்தியார் கடைவாசலில் நின்றார். "என்னா மச்சான், இன்னைக்குக் கை இவ்ளோ நீளம்? கைய நீட்டுறது கல்வியா?" என்றார். பிள்ளைகள் போத்தல் கோலியைத் தட்டி, நுரை மூக்கில் ஏற, சிரித்தார்கள்.

அஞ்சலை தட்டவில்லை.

"ஐயா, சோத்தாங்கைப் பக்கந்தானே நாங்க திரும்புனோம்?"

"ஆமா."

"நாங்க சரியாத்தானே நின்னோம்?"

"சரியாத்தான் நின்னீங்க."

"அப்ப ஏங்கய்யா திருப்பிவிட்டீங்க?"

தப்பாகச் சொல்லிவிட்டேன் தாயி என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். மூன்றே சொல். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு.

"கமாண்டு குடுத்தா குடுத்ததுதான்."

அவள் என்னைப் பார்த்தாள். ஆறாவது சனிக்கிழமை இரண்டாம் வரிசையில் நின்று மாஸ்டரை நான் எப்படிப் பார்த்தேனோ அப்படி. பிறகு போத்தலைத் திறக்காமலே பெஞ்சின் மேல் வைத்துவிட்டு லாரி வரும் பக்கம் போய் நின்றாள். நானா அதைத் துடைத்துத் தண்ணீர்த் தொட்டியில் திரும்ப வைத்தார். "தொறக்காத போத்தலுக்குக் காசு வேணாம் வாத்தியாரே" என்று மேசையில் ஒரு நாணயத்தைத் தள்ளினார்.

முப்பத்தொரு போத்தல், தலா ஐந்து காசு, ஒரு வெள்ளி ஐம்பத்தைந்து காசு. திரும்பி வந்தது ஐந்து காசு. ஆக மொத்தம் ஒரு வெள்ளி ஐம்பது காசு.